பலி மானும் பிணை மானும்

கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் தலைவன் அரசனாகவோ அரச குடியைச் சார்ந்தவனாகவோ இருப்பது மரபு. அரிஸ்டாட்டில் தம் கவிதையியலின் 13ஆம் இயலில், பெரும்புகழும் நல்வாழ்வும் எய்தியிருந்த ஒருவன் தன் பிழையொன்றினால் வீழ்வதே துன்பியலுக்கு ஏற்ற கதைப்போக்கு எனக் கூறி, ஈடிப்பஸையும் தையஸ்டிஸையும் சான்றாகக் காட்டுகிறார். உயரத்தில் நிற்பவனுக்கே வீழ்ச்சி என்ற ஒன்று உண்டு என்பது இதன் உட்கிடை. தரையில் நிற்போர் அந்நாடகங்களில் தூதராக, முதிய அடிமையாக, செவிலியாக வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மறைகின்றனர்.

ஏறத்தாழ இருபத்தைந்து நூற்றாண்டுகள் கடந்த பின்னரும், அந்நாடகங்களின் சாயலில் எடுக்கப்படும் உளவியல் திகில் படங்கள் இந்த ஏற்பாட்டைப் பெரிதும் மாற்றவில்லை. அரண்மனை இருந்த இடத்தில் இப்போது செல்வரின் மாளிகை இருக்கிறது. உள்ளே ஒரு பழைய குற்றம் மறைந்திருக்கிறது, அது வெளிவரும்போது வீடு நடுங்குகிறது, பார்வையாளரும் நடுங்குகிறோம். இப்படங்களைப் பற்றி நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா ஒன்றே: குற்றம் இழைத்த வசதியாளர் தம் கடனை யாரிடம் செலுத்துகிறார்? விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு வட்டாரத்தை மனத்திற் கொண்டு இவ்வினாவை எழுப்புகிறோம். பிறர் உயிர் போன பின் அதற்கு யார் பொறுப்பு, எவ்வளவு, எவரிடம் என்ற கணக்கு அங்கே ஆண்டுதோறும் திறக்கப்பட்டு, தீர்க்கப்படாமலே மூடப்படுகிறது.

மருத்துவர் வீட்டுக் கடன்

யோர்கோஸ் லாந்திமோஸ் இயக்கி 2017இல் வெளிவந்த ‘தி கில்லிங் ஆஃப் எ சேக்ரட் டீர்’ இவ்வகைப் படங்களுள் முதன்மையானது. கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருதைப் பகிர்ந்துகொண்ட படம். புனித மானின் கொலை என்னும் அதன் தலைப்பே கிரேக்கத் தொன்மத்தைச் சுட்டுகிறது. ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்குரிய மானை அகமெம்னோன் கொன்றான், தெய்வம் சினந்தது, டிராய்க்குச் செல்ல வேண்டிய கப்பல்கள் ஔலிஸ் துறையில் காற்றின்றி நின்றன, மகள் இஃபிஜீனியாவைப் பலியிட்டாலன்றிக் காற்று வீசாது என்றாயிற்று. மானைக் கொன்ற செய்தி சோஃபக்ளீஸின் ‘எலெக்ட்ரா’வில் வருகிறது. பலியின் கதையை யூரிப்பிடிஸ் தம் ‘ஔலிஸில் இஃபிஜீனியா’ நாடகத்தில் விரித்துரைத்தார்.

படத்தில் அகமெம்னோனின் இடத்தில் இருப்பவர் ஸ்டீவன் என்னும் இதய அறுவை மருத்துவர். மனைவி கண் மருத்துவர். மகள், மகன், அகன்ற வீடு, ஒழுங்கான வாழ்வு. மார்ட்டின் என்னும் பதின்பருவச் சிறுவன் இவரை நாடி வருகிறான். அவனுடைய தந்தை ஸ்டீவனின் அறுவை மேசையில் இறந்தவர். அன்று மருத்துவர் மது அருந்தியிருந்தார் என்பது பின்னர்த் தெரியவருகிறது. ஸ்டீவன் சிறுவனுக்கு விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்கித் தருகிறார், உணவகத்துக்கு அழைத்துச் செல்கிறார், வீட்டுக்கும் வரவழைக்கிறார். ஒருநாள் மார்ட்டின் தீர்ப்பை வாய்விட்டுச் சொல்கிறான்: மருத்துவர் தம் குடும்பத்தில் ஒருவரைத் தாமே கொல்ல வேண்டும், இல்லையேல் மனைவியும் மக்களும் கால் முடங்கி, உணவை மறுத்து, கண்ணில் குருதி கசிந்து, ஒருவர்பின் ஒருவராக இறப்பர். அவ்வாறே நோய் தொடங்குகிறது. மருத்துவமனையின் எந்தக் கருவிக்கும் காரணம் புலப்படவில்லை. முடிவில் ஸ்டீவன் தம் கண்ணை மறைத்துக்கொண்டு, துப்பாக்கியுடன் சுழன்று சுழன்று சுட்டு, மகனைக் கொல்கிறார்.

வர்க்க வேறுபாட்டை இப்படம் கூர்மையாகக் காட்டுகிறது. ஸ்டீவனின் வீட்டுக்கும் மார்ட்டின் தன் தாயுடன் வாழும் எளிய வீட்டுக்கும் உள்ள தொலைவை ஒளிப்பதிவே சொல்லிவிடுகிறது. ஸ்டீவனின் கைகளின் அழகைப் பிறர் வியந்து பேசுகின்றனர். மார்ட்டினின் தாயும் அக்கைகளையே வியக்கிறாள். கணவனைக் கொன்ற கைகள் என்பதே அவற்றின் மறுபக்கம். பழி குறித்த பேச்சு வரும்போது, அறுவையில் நோயாளி இறந்தால் அது மயக்க மருந்து கொடுத்தவரின் பிழையே என்கிறார் ஸ்டீவன். மயக்க மருந்து கொடுத்தவரோ நேர்மாறாகச் சொல்கிறார். கைக்கடிகாரம் ஓர் அன்பளிப்பாக இருக்கும்வரை அதனைக் கொடுப்பது எளிது. அதைக் கடன் தவணை என்று ஒப்புக்கொள்வது அரிது. இவற்றையெல்லாம் லாந்திமோஸ் அறிந்தே வைத்திருக்கிறார்.

எனினும் கடன் யாரிடம் செலுத்தப்படுகிறது என்ற வினாவுக்கு வரும்போது படம் பின்வாங்குகிறது. இறந்த மனிதரைப் பற்றி ஒன்றிரண்டு சிதறல் குறிப்புகளே நமக்குக் கிட்டுகின்றன. அவருடைய மனைவியின் துயரம் ஏறக்குறைய ஏளனத்துக்குரிய ஒரு காட்சியாகவே அமைகிறது. மார்ட்டினுக்குப் படம் தருவது விளக்கமற்ற ஒரு மாய ஆற்றல். அந்த ஆற்றலைத் தந்துவிட்டபடியால் அவனுக்குரிய உரிமையைத் தர வேண்டிய தேவை படத்துக்கு இல்லாமற் போகிறது. அவன் ஊழின் வாய் ஆகிவிடுகிறான்; வழக்காடியாக, உண்மை கேட்டு நிற்பவனாக, தந்தையை இழந்த மகனாக அவன் நடத்தப்படுவதில்லை. மகன் கொல்லப்பட்ட பின் கணக்கு நேராகிவிட்டதாகப் படம் கொள்கிறது. ஆனால் விதவைக்கு என்ன கிடைத்தது? மருத்துவர் மது அருந்தியிருந்தார் என்ற உண்மை எந்த அவையில் உரைக்கப்பட்டது? அவர் இன்னும் அறுவை செய்துகொண்டுதானே இருக்கிறார்?

இது வசதியாளரின் உணர்வின்மையை எள்ளும் படம், அந்தக் குளிர்ந்த பார்வையே அதன் விமர்சனம் என்று இதன் ஆதரவாளர் கூறக்கூடும். அதில் உண்மை உண்டு. ஆயினும் எள்ளலும் அந்த மாளிகைக்குள்ளேயே சுற்றிவருகிறது. குற்றவாளியின் வீடு பற்றியெரிவதைப் பார்த்து நடுங்கும் நாம், இழந்தவர் வீட்டு வாசலை ஒருமுறையேனும் கடந்தோமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

வூடி ஆலனின் ‘மேட்ச் பாயிண்ட்’ (2005) இதே நோயின் மற்றொரு முகம். எளிய பின்னணியிலிருந்து வந்த டென்னிஸ் பயிற்சியாளன் ஒருவன் லண்டன் செல்வர் குடும்பத்தில் மணம் முடிக்கிறான். அந்த இடத்தைக் காத்துக்கொள்ள, தன்னால் கருவுற்ற காதலியைக் கொல்கிறான். கொள்ளை நடந்ததுபோல் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பக்கத்து வீட்டு முதியவளையும் கொல்கிறான். இறந்தவர்கள் அவன்முன் தோன்றும்போது அவன் சோஃபக்ளீஸை எடுத்துரைக்கிறான். முதியவளின் மோதிரம் போதைக்கு அடிமையான ஒருவனின் சட்டைப்பையில் கிடைத்ததால் பழி அவன்மீது விழுந்து வழக்கு முடிகிறது. ஏழைக்கு வந்து சேர்வது குற்றம். செல்வனிடம் எஞ்சுவது குற்ற உணர்வு. அந்த உணர்வும் இலக்கிய மேற்கோளுடன் கூடிய ஓர் அணிகலனாகிவிடுகிறது.

ஊழ் என்ற சொல்லும் விபத்து என்ற சொல்லும்

மருத்துவர் பழியை மயக்க மருந்து கொடுத்தவர்மீது தள்ளுவதும், செல்வனின் பழி போதை அடிமையிடம் போய்ச் சேர்வதும் திரைக்கு மட்டும் உரியன அல்ல. இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காட்டைத் தருவதாகக் கூறப்படும் சிவகாசி வட்டாரத்தில், பொறுப்பு மேலிருந்து கீழே வழிந்தோடும் பாதை நன்கு தேய்ந்த பாதை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும்; ஆலை இன்னொருவருக்குக் குத்தகைக்குப் போயிருக்கும்; அவர் அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டிருப்பார்; அறைக்குள் கூலிக்கு மருந்து செலுத்துபவர் யாரிடம் வேலை செய்கிறோம் என்றே திட்டமாக அறியாதவராக இருப்பார். வெடித்த பின் உரிமையாளர், மேலாளர், போர்மேன் என்று வழக்குப் பதிவாகும். போர்மேன் எளிதில் அகப்படுவார்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிப்பில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவ ஓடிவந்த சுற்றூர் மக்களும் அவர்களுள் இருந்தனர். விதிமீறல்களுக்காக அவ்வாலையின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்ற செய்தி அப்போதே வெளியாயிற்று. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே உள்குத்தகைமுறை வெளிச்சத்துக்கு வந்தது. 2024 மே 9இல் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டி எனப் பட்டியல் நீள்கிறது. காரணங்களில் மர்மம் ஏதுமில்லை. மருந்து உராய்வது, வெயிலில் சூடேறுவது, நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாத சிறு அறையில் அதிகம் பேரை அமர்த்துவது, தீபாவளி நெருங்க நெருங்க வேகம் கூட்டுவது, அறைக்கு வெளியே மரத்தடியிலும் வேலை நடத்துவது ஆகியன ஒவ்வொரு விசாரணையிலும் சொல்லப்பட்டவையே. நோய்க்கு இடுவதையும் வெடிக்கு இடுவதையும் மருந்து என்ற ஒரே சொல்லால் வழங்குகிறது தமிழ். இரண்டிலும் அளவும் கவனமும் தவறினால் உயிர் போகும் என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது.

இத்தனை தெளிவான காரணங்கள் இருந்தும் நாம் வழங்கும் சொல் ‘விபத்து’. சற்றுத் துயரம் கூடினால் ‘விதி’. லாந்திமோஸின் படத்தில் கால் முடங்கும் நோய்க்குக் காரணம் தேடிப் பயனில்லை என்றாகிவிடுவதும், கந்தகப் பூமியில் இது சகஜம் என்று நாம் அமைந்துவிடுவதும் ஒரே செயலைச் செய்கின்றன. இரண்டும் மனிதர் எடுத்த முடிவை இயற்கையின் முடிவாக மாற்றிவிடுகின்றன.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டையும் நாம் மறக்கலாகாது. சிவகாசியின் செல்வம் அகமெம்னோனின் செல்வம் போல் வழிவழி வந்த அரண்மனைச் செல்வம் அன்று. கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, 1899ஆம் ஆண்டுக் கலவரத்தில் சூறையாடப்பட்ட ஒரு சமூகம், வானம் பார்த்த கரிசல் மண்ணில் தன் உழைப்பால் எழுந்த வரலாறு அது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது அவ்வரலாற்றின் தொடக்கம். ஒடுக்கப்பட்டோர் தம் கையூன்றி எழுந்த இக்கதை மதிப்புக்குரியது. ஆனால் இத்தகைய வரலாற்றுக்கு ஓர் ஆபத்து உண்டு. தாம் பட்ட பாடே தமக்குக் கீழிருப்போர் படும் பாட்டுக்கு விளக்கமாகிவிடும். உழைத்துப் பெற்ற வசதி, குற்ற உணர்வு உள்ளே நுழையாதபடி கதவைச் சாத்திக்கொள்ளும். ஸ்டீவனும் தம் கையின் திறத்தால் உயர்ந்தவரே. அக்கையின் புகழே அவர் தம் பிழையைப் பார்க்கவொட்டாமல் தடுத்தது.

இவ்வட்டாரத்தைத் திரையில் பதிந்தவற்றுள் சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) என்னும் ஆவணப்படம் இங்கு நினைவுகூரத்தக்கது. அதில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் இருந்த சிறாரே பேசுகின்றனர். கிரேக்கச் சாயல் படங்கள் தூதனுக்கும் செவிலிக்கும் மறுத்த இடத்தை அந்த எளிய ஆவணப்படம் குழந்தைகளுக்குக் கொடுத்தது. கலைநுட்பத்தில் அது லாந்திமோஸின் படத்துக்கு நிகராகாது. ஆனால் கடன் யாருடையது, யாருக்குரியது என்பதில் அது தடுமாறவில்லை.

மணியும் மணியின்மையும்

தந்தை, பிள்ளை, கொல்லப்பட்ட விலங்கு ஆகிய மூன்றும் கூடிய கதை தமிழரிடமும் உண்டு. பெரியபுராணம் விரித்துரைக்கும் மனுநீதிச் சோழன் வரலாறு அது. இளவரசனின் தேர்க்காலில் கன்று மடிகிறது. தாய்ப்பசு அரண்மனை மணியை அசைக்கிறது. அமைச்சர் கழுவாய் செய்துவிடலாம் என்கின்றனர். அரசன் ஏற்கவில்லை. சடங்கினால் தாயின் துயர் தீராது என்பது அவன் வழக்கு. முடிவில் மகனையே தேர்க்காலில் இடத் துணிகிறான். பழிக்குப் பிள்ளை பலியாவது இங்கும் நிகழ்கிறது; அதன் கொடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அகமெம்னோன் கதையில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. கடன் தெய்வத்தின் சினத்துக்கு அன்று, கன்றை இழந்த தாய்க்கு என்று அரசன் அறிந்திருக்கிறான். அத்தாய்க்கு அசைக்க ஒரு மணியும் இருந்தது.

மார்ட்டினுக்கு மணி இல்லை. ஆகவே சாபம் கிடைத்தது. நீதிக்கான வாயில் அடைபடும்போதுதான் கதைகள் மாயத்தை நாடுகின்றன என்பது நம் கருத்து. சிவகாசியின் தொழிலாளருக்கும் நெடுங்காலம் மணி இல்லை. 1991இல் சிவகாசிப் பட்டாசு ஆலையொன்றில் 39 பேர் மாண்டதையடுத்து உச்சநீதிமன்றம் இழப்பீடு குறித்து ஆணையிட்டு, நிலைமையை நேரில் கண்டறிய வழக்கறிஞர் குழுவொன்றை அனுப்பியது. அதன் தொடர்ச்சியாக, எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று, சட்டத்துக்கு மாறாக அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. அச்சங்குளம் வெடிப்பில் இறந்தோர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் தர வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2021இல் உத்தரவிட்டது. இவை மணியோசைகளே.

ஆயினும் நம் பொதுமொழியில் இன்னும் மேலோங்கி நிற்கும் சொல் ‘நிவாரணம்’. இழப்பீடு என்பது பொறுப்பை ஒப்புக்கொண்டு தரும் கடன். நிவாரணம் என்பது இரக்கத்தால் வழங்கும் கொடை. ஸ்டீவன் சிறுவனின் கையில் கட்டிய கடிகாரம் நிவாரணம். அவர் கடைசிவரை செலுத்தாதது இழப்பீடு.

இப்னு ருஷ்தின் வாசிப்பு

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நம் அறிவு மரபு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் அபூ பிஷ்ர் மத்தா, அரிஸ்டாட்டிலின் கவிதையியலைச் சிரியாக் மொழி வழியாக அரபுக்குக் கொண்டுவந்தார். நாடக அரங்கு என்பதைக் கண்டிராத அறிஞர் அதற்கு உரை கண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குர்துபாவின் இப்னு ருஷ்து எழுதிய உரையில் துன்பியல் என்பது புகழ்ச்சிப் பாடல் என்றும், இன்பியல் என்பது வசைப்பாடல் என்றும் பொருள் கொள்ளப்பட்டன. போர்ஹெஸ் 1947இல் எழுதிய சிறுகதையொன்று இந்தத் தடுமாற்றத்தையே கருவாகக் கொண்டது.

ஆனால் அந்தத் தடுமாற்றத்தின் நடுவே ஓர் ஒளிக்கீற்று இருக்கிறது. உற்றார் உற்றாரைக் கொல்ல நேர்வதே அச்சத்தையும் இரக்கத்தையும் மிகுவிக்கும் என்று அரிஸ்டாட்டில் கூறும் இடத்துக்கு உரை எழுதும்போது, இப்னு ருஷ்து காட்டும் சான்று இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மகனை அறுக்கப் பணிக்கப்பட்ட வரலாறு. அகமெம்னோனின் இடத்தில் அவர் இப்ராஹீம் நபியை நினைத்தார். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் மூன்று வேறுபாடுகள் புலனாகும்.

முதலாவதாக, இப்ராஹீம் (அலை) மீது எந்தக் குற்றமும் இல்லை. அவர் எதிர்கொண்டது சோதனை. அகமெம்னோன் எதிர்கொண்டது தன் செயலின் கடன். தன் கடனைப் பிள்ளையின் உயிரால் அடைப்பது இப்ராஹீமின் வரலாற்றில் பேச்சுக்கே இடமில்லாதது. இரண்டாவதாக, அகமெம்னோன் திருமணம் என்று பொய் சொல்லி மகளை வரவழைக்கிறான். ஸ்டீவன் குடும்பத்தாரின் தலையில் உறை மாட்டிக் கட்டிவைக்கிறார். இப்ராஹீம் (அலை) தாம் கண்ட கனவை மகனிடமே கூறி, அவருடைய கருத்தைக் கேட்கிறார். இஃபிஜீனியாவும் இறுதியில் இசைகிறாள் என்பது மெய்யே. ஆனால் ஏமாற்றம் வெளிப்பட்ட பின் வந்த இசைவு அது. உயிருக்கு ஆபத்து நேரும் செயலில் அந்த உயிருக்குரியவரிடம் உண்மையைச் சொல்லிவிடுதல் என்ற ஒழுக்கத்தை, உள்குத்தகை அறையில் நிறுத்தப்படும் தொழிலாளருக்கு யார் கடைப்பிடிக்கின்றனர்? மூன்றாவதாக, கத்தி நின்றுவிடுகிறது, ஆடு ஈடாகிறது. மனித உயிர் எவருடைய கணக்கையும் நேராக்கும் நாணயமாகாது என்பதை ஹஜ்ஜுப் பெருநாள்தோறும் நாம் நினைவுகூர்கிறோம்.

அவ்வாறாயின் உண்மையாகவே ஒருவர் கையால், அவர் கருதாமலே, ஓர் உயிர் போய்விட்டால் என் செய்வது? மார்ட்டினின் வழக்கு அதுவே. முதலிப்பட்டியின் வழக்கும் அதுவே. திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 92ஆம் வசனத்தில் இதற்கு நெறி வகுக்கப்பட்டுள்ளது. தவறுதலாகக் கொன்றவர் ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும். இயலாதவர் இரு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். இது இறைவன்பால் உள்ள கடன். அதனோடு, இறந்தவரின் குடும்பத்தாருக்குத் தியத் என்னும் ஈட்டுத்தொகை செலுத்தப்பட வேண்டும். அவர்கள் தாமாக விட்டுக்கொடுத்தாலன்றி அது நீங்காது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. எத்தனை நோன்பு நோற்றாலும் விதவையின் உரிமை கழியாது. எவ்வளவு தொகை கொடுத்தாலும் உள்ளத்தின் கணக்கு முடியாது. கிரேக்கத் தொன்மம் ஒன்றாகக் குழைத்துவிட்ட குற்றத்தையும் கடனையும் இந்நெறி பிரித்து நிறுத்துகிறது. குற்ற உணர்வு தன்னளவில் எவருக்கும் எதையும் செலுத்தியதாகாது என்பது இதிலிருந்து பெறப்படும்.

ஃபிக்ஹு அறிஞர் இதனை மேலும் ஒரு படி கொண்டுசென்றனர். தவறுதலான கொலையின் ஈட்டுத்தொகை கொன்றவரின் ‘ஆகிலா’ எனப்படும் கூட்டத்தாரின் மீது விழும். மூன்றாண்டுத் தவணையில் அதனை அவர்கள் பகிர்ந்து செலுத்துவர். தந்தைவழி உறவினரே ஆகிலா என்பது பொதுவான கருத்து. ஹனஃபி அறிஞர், உமர் (ரலி) காலத்துத் திவான் பதிவேட்டை ஆதாரமாகக் கொண்டு, ஒரே பதிவேட்டில் பெயர் பெற்று ஊதியம் பெறுவோரையும் இதில் அடக்கினர். பலன் எங்கே பகிரப்படுகிறதோ அங்கே பொறுப்பும் பகிரப்பட வேண்டும் என்ற கருத்து இதில் பொதிந்துள்ளது. இத்தொகை ஏழையின் மௌனத்தை வாங்கும் விலையாகத் திரிந்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கையும் நமக்குத் தேவை. பெண்ணின் தியத் ஆணினதில் பாதி என்ற பழைய நிலைப்பாட்டை மஹ்மூத் ஷல்தூத் போன்ற இருபதாம் நூற்றாண்டு அறிஞர் மறுத்துரைத்துள்ளனர். பட்டாசு அறைகளில் பெண்கள் பெருந்தொகையினராக இருப்பதால் இது நமக்கு வெறும் ஏட்டு விவாதம் அன்று.

சிவகாசியின் ஆகிலா யார் என்று கேட்டால் விடை உரிமையாளரோடு நின்றுவிடாது. குத்தகைச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும், ஆய்வுக்கு வந்து கையொப்பமிட்டுச் செல்வோரும், விலை குறைவாக வேண்டும் என்று கேட்கும் வணிகரும், தீபாவளிக்கும் தேர்தல் வெற்றிக்கும் வெடிப்போரும் அதில் அடங்குவர். கந்தூரி இரவுகளின் வாணவேடிக்கையைக் கண்டு மகிழும் நாமும் அடங்குவோம். தொழிலை மூடிவிடுவது இதற்கு விடையாகாது. 2018இல் பேரியம் உப்புகளுக்குத் தடை வந்தபோது வேலையிழந்து நின்றவர்களும் அதே தொழிலாளரே. அவர்கள் கேட்பது உயிரோடு வீடு திரும்பும் வேலை.

பிணை

குற்ற உணர்வு கடனாக மாறும் கதை தமிழ்த் திரையில் அறவே இல்லாமலில்லை. மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) அதற்குச் சான்று. கூலிக்குக் கொல்லும் ஒருவன் தவறுதலாக ஒரு குற்றமற்றவனைக் கொன்றுவிடுகிறான். கொல்லப்பட்டவனின் கண்பார்வையற்ற குடும்பத்தைக் காப்பதே பிறகு அவன் வாழ்வாகிறது. அவன் மாளிகைவாசி அல்லன். அவனிடம் இழப்பதற்குத் தன் உடலன்றி வேறில்லை. ஆயினும் ஸ்டீவனுக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியது: கடனைத் தன் வீட்டுக்குள் வைத்துத் தீர்க்க முடியாது, இழந்தவர் வாசலுக்குத்தான் போயாக வேண்டும்.

இந்த எண்ணத்தின் மூத்த வடிவம் நம் காப்பியத்திலேயே இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணைநின்ற படலம்’ என்றொரு பகுதி உண்டு. வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறான். அவ்வழி வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம், பசித்திருக்கும் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வர இசைவு பெற்றுத் தருமாறு மான் வேண்டுகிறது. காட்டுக்குப் போன மான் மீண்டு வருமா என்று வேடன் மறுக்கிறான். பெருமானார் மானுக்காகத் தாமே பிணை நிற்கின்றனர். மான் கன்றுடன் திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். மான் விடுதலை பெறுகிறது. தமிழில் பிணை என்ற சொல் பெண்மானையும் குறிக்கும், ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்பையும் குறிக்கும். உமறுவின் கதையில் அவ்விரு பொருளும் ஓரிடத்தில் வந்து நிற்கின்றன.

அகமெம்னோனின் மான் செத்த பின்புதான் கதையில் முக்கியத்துவம் பெறுகிறது. அதன் சாவு பெரியவர்களின் துயரத்துக்கு ஒரு காரணம் மட்டுமே. சீறாவின் மானோ உயிரோடு பேசுகிறது. தன் கன்றின் பசியைச் சொல்கிறது. அதன் சொல் நம்பப்படுகிறது. உயர்ந்தவர் தம் உயர்வை அதன் பொருட்டு ஈடு வைக்கிறார். ஒருவன் செய்துவிட்ட குற்றத்துக்குப் பின் அவன் எவ்வாறு நொந்தான் என்பதை விரித்துரைக்கும் கலையை மேலைத் திரை செம்மையாகக் கற்றிருக்கிறது. ஓர் உயிர் போகுமுன் அதற்காகப் பிணை நிற்பது யார் என்று கேட்கும் கலை இன்னும் அரிதாகவே இருக்கிறது.

அடுத்த தீபாவளிக்கான வேலை விருதுநகர் மாவட்டத்து அறைகளில் ஆண்டு முழுதும் நடக்கிறது. விடியுமுன் ஊர் ஊராக வண்டிகள் வந்து ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. மாலையில் அவர்கள் அனைவரும் திரும்புவர் என்பதற்கு இன்றைய நிலையில் உரிமத்தாளின் கையொப்பம் ஒன்றே பிணை.